கலீனாவில் வீக்கெண்ட் வீடு எடுக்கிறீர்களா? ஸெல்லில் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள்

அக்டோபர் நெருங்கினால் சிகாகோ புறநகர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "கலீனாவுல மூணு ஃபேமிலிக்கு வீடு கிடைக்குமா?" இல்லினாயின் வடமேற்கு மூலையில், சிகாகோவிலிருந்து சுமார் 165 மைலில் இருக்கும் சின்ன ஊர் அது. மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். இலை நிறம் மாறும் சில வாரங்களில் மட்டும் மாநிலமே அங்கே கூடியது போல இருக்கும். அறைகள் குறைவு, கேட்பவர்கள் ஏராளம். மோசடிக்காரனுக்கு இதைவிட நல்ல சந்தை வேண்டுமா?

போலி வீடு பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. ஊருக்குக் கிழக்கே ஆறேழு மைல் தள்ளி கலீனா டெரிட்டரி என்ற பெரிய ரிசார்ட் குடியிருப்பு இருக்கிறது. காடும் மேடும் ஒரு ஏரியுமாக ஆயிரக்கணக்கான ஏக்கர். அங்கே வீடுகள் அடிக்கடி விற்பனைக்கு வரும். ரியல் எஸ்டேட் தளத்தில் முப்பது நாற்பது படங்கள் பளிச்சென்று கிடைக்கும். அந்தப் படங்களை அப்படியே எடுத்து, வாடகை வீடு என்று ஃபேஸ்புக் குழுக்களிலோ இலவச விளம்பரத் தளங்களிலோ போடுகிறார்கள். விலையை அடிமட்டத்துக்கு இறக்கினால் சந்தேகம் வரும் என்பதால் சந்தை விலையிலிருந்து கால் பங்கு மட்டும் குறைத்து வைப்பார்கள். சிலர் இன்னும் விவரமானவர்கள். ஏர்பிஎன்பி, விஆர்பிஓ போன்ற தளங்களிலேயே லிஸ்டிங் போட்டுவிட்டு, ரெண்டு மெசேஜ் பேசியதும் வெளியே அழைப்பார்கள்: தளத்துக்குக் கமிஷன் வீணாகப் போகிறது, நேராக ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) அனுப்பினால் கிளீனிங் ஃபீயைத் தள்ளிவிடுகிறேன், இதே வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு குடும்பமும் கேட்கிறது, இன்றிரவுக்குள் சொல்லுங்கள். தளத்தின் லோகோ ஒட்டிய பிடிஎஃப் ஒப்பந்தம் ஒன்றும் வரும். முதலில் பாதிப் பணம், பிறகு மீதி, அதற்குப் பிறகு "திரும்பக் கிடைக்கும்" டெபாசிட் என்று தவணை தவணையாகக் கறப்பார்கள். கதவைத் திறக்கும் கோட் எண் மட்டும் வராது. "செக்-இன் அன்று மூணு மணிக்கு அனுப்புகிறேன்" என்பார்கள்.

வெள்ளி மாலை வேலை முடித்துக் கிளம்பினால் போய்ச் சேர எட்டு, எட்டரை ஆகும். ஃப்ரீபோர்ட் தாண்டிய பிறகு யுஎஸ் 20 பெரும்பாலும் இருவழிச் சாலை. ஏற்ற இறக்கம், வளைவு, இருட்டு, குறுக்கே ஓடும் மான்கள். டெரிட்டரிக்குள் தெருவிளக்கு கிடையாது, பல இடங்களில் செல்ஃபோன் சிக்னலும் தள்ளாடும். அந்த நேரத்தில் பிள்ளைகளும் அரிசி மூட்டையுமாக நின்று, வேலை செய்யாத கோட் எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்போது உள்ளே விளக்கு எரியும். கதவைத் திறப்பவர் வீட்டின் உண்மையான ஓனராகவோ, முறையாகப் புக் செய்து வந்த வேறொரு குடும்பமாகவோ இருப்பார். அவரோடு வாக்குவாதம் வேண்டாம், அவர் வீட்டை வைத்தும்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். அன்றிரவுக்கு அறை தேட வேண்டுமென்றால் மேற்கே மிசிசிப்பியைத் தாண்டி அயோவாவின் டுபியூக், கலீனாவிலிருந்து சுமார் 15 மைல். அதுவும் நிரம்பிவிட்டால் வந்த வழியே ஃப்ரீபோர்ட், சுமார் 50 மைல்.

அனுப்பிய பணம் ஏன் திரும்பாது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணத்துக்குத்தான் மத்திய அரசின் ரெகுலேஷன் ஈ பாதுகாப்புத் தருகிறது. பட்டனை அழுத்தியது நீங்களே என்றால், ஏமாந்து அழுத்தினாலும் அது நீங்கள் அனுமதித்த பரிமாற்றம்தான். ஸெல், கேஷ் ஆப், வென்மோவில் நண்பர்களுக்கு அனுப்பும் வகை எல்லாம் இந்தக் கதைதான். கிரெடிட் கார்டு கதை வேறு. ஒப்புக்கொண்டபடி சேவை கிடைக்காவிட்டால், அந்தக் கட்டணம் முதலில் இடம்பெற்ற ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். வங்கி 30 நாளுக்குள் பதில் சொல்லி, இரண்டு பில்லிங் சுற்றுகளுக்குள், அதிகபட்சம் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அக்டோபர் வீட்டை ஜூலையிலேயே புக் செய்தவருக்கு, வீட்டு வாசலில் போய் நிற்கும்போதே அந்த 60 நாள் முடிந்திருக்கலாம். அதனால் விட்டுவிடாதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் சொந்த விதிகளில் சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்தும் காலக்கெடுவை எண்ணுவது உண்டு. வங்கி ஊழியர் முதல் தடவை "நாள் கடந்துவிட்டது" என்றால், சேவை தேதியை வைத்து டிஸ்ப்யூட் போடச் சொல்லி வற்புறுத்துங்கள்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது கால் மணி நேர வேலை. படங்களை ரிவர்ஸ் இமேஜ் தேடலில் போடுங்கள். விற்பனை லிஸ்டிங்கில் அதே சமையலறை தெரிந்தாலே மோசடி என்று அர்த்தமில்லை, வாங்கியவர் வாடகைக்கு விட்டிருக்கலாம்; ஆனால் அந்த வீடு இப்போதும் விற்பனையில் இருந்தால் உஷாராகுங்கள். அடுத்து தெரு முகவரி. "புக் செய்த பிறகுதான் முகவரி தருவோம்" என்பது தளத்துக்குள் சரி, தளத்துக்கு வெளியே பணம் கேட்பவர் அதைச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முகவரி கிடைத்ததும் ஜோ டேவிஸ் கவுண்டியின் சொத்துப் பதிவில் தேடுங்கள். அமெரிக்காவில் சொத்துவரிப் பதிவு பொது ஆவணம், ஓனர் பெயர் அதில் இருக்கும். ஹோஸ்ட் பெயரும் அதுவும் பொருந்தவில்லை என்றால் நிர்வாக நிறுவனம் எது என்று கேட்டு, அவர்கள் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு நீங்களே தேடி எடுத்த எண்ணில் கூப்பிடுங்கள். கவுண்டியும் கலீனா நகராட்சியும் இத்தகைய வீடுகளுக்கு அனுமதி வாங்கச் சொல்கின்றன. லைசென்ஸ் எண் கேட்டால் உண்மையான ஓனர் உடனே சொல்வார், போலி ஆள் கோபப்படுவார். வீடியோ கால் கேட்பதும் நல்ல வழி. சும்மா வீட்டைக் காட்டச் சொல்லாமல், வாசலில் உள்ள வீட்டு எண்ணிலிருந்து ஆரம்பித்து உள்ளே நடந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். பதிவு செய்த வீடியோவை ஓட்டுபவனுக்கு இங்கே பருப்பு வேகாது.

ஹோட்டல் எடுப்பவர்களுக்கும் ஒன்று. ஹோட்டல் பெயரைத் தேடினால் மேலே வரும் விளம்பரங்களில் சில, ஹோட்டலின் தளம் போலவே ஜோடித்த இடைத்தரகர் கால்சென்டர்கள். "ரிசர்வேஷன்ஸ்" என்று ஃபோன் எடுப்பவர் ஹோட்டல் ஊழியரே இல்லை. பணம் திரும்பாத வகையில் புக் செய்து, தனிச் சேவைக் கட்டணமும் போட்டுவிடுவார்கள். "முன்வாசல் டெஸ்க்கில் இப்போது யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாற்றுங்கள்" என்று கேட்டாலே குட்டு வெளிப்படும்.

இனி, வீடு உண்மை, வர்ணனை பொய் என்ற வகை. "மிசிசிப்பி ஆற்றங்கரை நகரம்" என்று போட்டிருப்பார்கள். கலீனா டவுன்டவுன் இருப்பது மிசிசிப்பியில் சேரும் கலீனா ஆற்றின் கரையில். ஈயச் சுரங்கக் காலத்தில் நீராவிப் படகுகள் வந்து நின்ற ஆறு, வண்டல் மண் தூர்ந்து இன்று கயாக் விடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மிசிசிப்பி அங்கிருந்து சில மைல் தள்ளி. பெரிய ஆற்றை மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால் செஸ்ட்நட் மவுண்டன் பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் டுபியூக். ஆகவே "ரிவர் வியூ" என்றிருந்தால் எந்த ஆறு என்று கேளுங்கள். டெரிட்டரி வீடுகளின் தபால் முகவரியும் கலீனா 61036 என்றே இருக்கும். "மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கம்" என்பதை நம்பாமல் மேப்பில் அளந்து பாருங்கள். ஊருக்குள்ளேயே எடுத்தாலும் ஏமாற்றம் உண்டு. மெயின் ஸ்ட்ரீட் தாழ்வில், பழைய வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக. நடுவே படிக்கட்டுகள், ஒன்றில் இருநூறு படிகளுக்கு மேல். "ஐந்து நிமிட நடை" என்பது அந்தப் படிகளைச் சேர்த்துத்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், முழங்கால் வலி என்றால் இது ஒன்றே மொத்தப் பயணத்தையும் கெடுக்கும். பயணிகள் ரயில் கிடையாது, உபர் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. கார் இல்லாமல் போகிறவரிடம் ஷட்டில் உண்டு என்று ஹோஸ்ட் சொன்னால் நேரத்தோடு எழுத்தில் வாங்குங்கள்.

டிரைவ்வேயை யாரும் கேட்பதில்லை. அந்தப் பகுதியில் பல வீடுகளுக்குச் செங்குத்தான ஜல்லிப் பாதைதான். டிசம்பர், ஜனவரியில் ஏழு பேர் ஏறிய ஒடிஸி, சியன்னா போன்ற மினிவேன் பனிக்கட்டியில் பாதி மேட்டில் நின்றுவிடும். பனி அகற்றுவது யார் பொறுப்பு, நான்கு சக்கர இழுவை தேவையா என்று மெசேஜிலேயே கேட்டு வையுங்கள். ஹாட் டப்பும் அப்படித்தான். படத்தில் ஆவி பறக்கும், நேரில் மூடி கிழிந்து தண்ணீர் வடித்திருக்கும். "நாங்கள் வரும் தேதியில் வேலை செய்யுமா" என்று கேட்டு வாங்கிய பதில் பிறகு சாட்சியாகும். டெரிட்டரியின் நீச்சல்குளம் முதலிய வசதிகளைப் படத்தில் காட்டியிருந்தால், அவற்றுக்கான அனுமதி அட்டை வாடகையோடு வருகிறதா என்றும் கேளுங்கள்.

தலைக்கணக்கில் நம்மவர்கள் அசட்டையாக இருப்பது உண்மை. பத்துப் பேர் என்று போட்டுவிட்டு பதின்மூன்று பேர் போனால், வாசல் கேமராவில் எண்ணிவிடுவார்கள். பணம் திரும்பாமல் வெளியேற்றவும் ஒப்பந்தம் இடம் தரும். கைக்குழந்தையும் கணக்கில் வருமா என்று முன்பே கேளுங்கள். வெளிக் கேமராவும் சத்த அளவி மீட்டரும் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் செல்லும். வீட்டுக்குள் கேமரா வைப்பதை ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் முற்றிலும் தடை செய்துவிட்டது. பார்த்தால் படம் எடுத்து உடனே புகார் செய்யுங்கள்.

அதிகப் பணம் போகும் இடம் சமையலறை. செக்-அவுட் ஆன பிறகு வரும் சேதக் கோரிக்கைகளில் நம் வீடுகளுக்கே உரியவை மூன்று: மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, "வாடை நீக்கும் கட்டணம்". வெள்ளை குவார்ட்ஸ் கவுன்டரில் மஞ்சள்தூள் பட்டு ஒரு மணி நேரம் கிடந்தால் லேசில் போகாது. வெள்ளைத் துண்டில் பட்டால் செட்டுக்கே விலை போடுவார்கள். அடுப்புக்கு மேலே தொங்கும் மைக்ரோவேவில் உள்ள ஃபேன் பல வீடுகளில் புகையை வெளியே தள்ளாது, சலித்து அறைக்குள்ளேயே திருப்பி விடும். காய்ந்த மிளகாயைத் தாளித்தால் ஒரு ஸ்மோக் அலாரம் கத்தும். ஒன்றோடொன்று இணைத்திருப்பதால் மாடி, அடித்தளம் என்று எல்லாமே சேர்ந்து கத்தும். குழம்பு, கூட்டை வீட்டிலிருந்தே டப்பாவில் கொண்டு போய்ச் சூடு பண்ணுங்கள், சாதம் மட்டும் அங்கே வையுங்கள். கைத்துடைக்கப் பழைய துணி எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடி அடுப்பின் மேல் இரும்புத் தோசைக்கல்லை இழுக்காதீர்கள், கீறல் என்று வந்துவிடும்.

பெட்டியை இறக்கும் முன் ஒருவர் ஃபோனோடு உள்ளே போய் வீட்டை முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். அடுப்பின் கண்ணாடி, கவுன்டர் விளிம்பு, சிங்க்கின் அடிப்பகுதி, மெத்தையை ஒரு மூலை தூக்கி, ஹாட் டப் மூடி, சோபா மெத்தைகளின் அடிப்பக்கம். கிளம்பும்போது அதே வரிசையில் இன்னொரு முறை. ஏர்பிஎன்பியில் ஹோஸ்ட் செக்-அவுட்டுக்குப் பின் 14 நாளுக்குள் சேதக் கோரிக்கை போடலாம். அது வந்தால் பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது 24 மணி நேரம். பதிலே சொல்லாமல் இருந்தால் விஷயம் உங்களைக் கேட்காமலே அடுத்த கட்டத்துக்குப் போகும். மறுப்பு, வீடியோ, அந்தப் பொருளின் வயது என்ன என்ற கேள்வி, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஐந்து வருடப் பழைய சோபாவுக்குப் புதுச் சோபா விலை கேட்பது சகஜம். எதிர்த்திசையில், வீடு அசுத்தமாகவோ சொன்னபடி இல்லாமலோ இருந்தால் கண்டுபிடித்த 72 மணி நேரத்துக்குள் தளத்தில் சொல்ல வேண்டும். வீக்கெண்ட் முடிந்து வீடு திரும்பி ரிவ்யூவில் குமுறுவதால் ஒரு டாலரும் வராது.

கட்டணத்தை மறைத்துக் காட்டுவது இப்போது சட்டப்படி தவறு. 2025 மே 12 முதல் நடைமுறையில் உள்ள எஃப்டிசி (மத்திய வர்த்தக ஆணையம்) விதிப்படி, தங்குமிட விளம்பரத்தில் காட்டும் விலையிலேயே கிளீனிங் ஃபீ போன்ற கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்திருக்க வேண்டும். அரசு வரிகளை மட்டும் பிறகு சேர்க்கலாம். தேடல் பக்கத்தில் ஒரு விலை, கடைசித் திரையில் "ரிசார்ட் ஃபீ, நிர்வாகக் கட்டணம்" என்று இன்னொரு விலை என்றால் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஏமாந்துவிட்டால் முதல் ஃபோன் வங்கிக்கு. அன்றே, அந்த நிமிடமே. பரிமாற்றம் முடியாமல் நிலுவையில் இருந்தால் நிறுத்த ஒரு வாய்ப்பு உண்டு. பிறகு உரையாடல்கள் முழுவதையும், அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி சேமியுங்கள். அவர் அக்கவுன்டை அழிக்கும் முன். லிஸ்டிங் வெளியான தளத்துக்கும், அடுத்து ஷெரிஃப் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். அங்கே தரும் ரிப்போர்ட் எண்ணை வங்கி கேட்கும். எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3, எஃப்டிசியின் புகார்த் தளம், இல்லினாய் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு, மூன்றிலும் புகார் இலவசம். எதிராளி யார் என்று நிச்சயமாகத் தெரிந்தால், இல்லினாயில் 10,000 டாலர் வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். ஓனர் உண்மையானவர், டெபாசிட்டைத் தர மறுக்கிறார் என்கிற வழக்குக்குத்தான் இது உதவும். போலி ஆளுக்குச் சம்மன் அனுப்ப முகவரியே இருக்காது.

நீங்கள் ஏமாந்ததை எங்காவது பொதுவில் எழுதினால், இரண்டொரு நாளில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று மெசேஜ் வரத் தொடங்கும். முன்பணம் கேட்பார்கள், அதுவும் ஸெல்லில். பதில் போடாமல் பிளாக் செய்துவிடுங்கள்.