சிரில் மென்பொருளில் ஆழ்வான் படங்கள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

நெபுலாக்களையும் கேலக்ஸிகளையும் படமெடுக்கத் தொடங்கியவர்கள், எடுத்த படங்களைப் பதப்படுத்தக் கற்றுக்கொள்ள எந்த மென்பொருளில் தொடங்குவது என்று கேட்டால், நான் சிரிலையே சொல்கிறேன். அது கட்டணமில்லாத, மூலநிரல் திறந்த மென்பொருள் என்பதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது என்பதும் அதற்குத் துணைக் காரணங்கள்தாம். ஒவ்வொரு கட்டத்திலும் தரவுக்கு என்ன நேர்கிறது என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது, நாம் செய்த தவறை நாமே கண்டுபிடிக்க இடம் தருகிறது என்பதே முதன்மையான காரணம். இந்த மதிப்புரை அதன் 1.2 பதிப்பு வரிசையை ஓராண்டு பயன்படுத்திய அனுபவத்திலிருந்து எழுதப்படுகிறது. அதற்குப் பின் வந்த 1.4 வரிசையில் பைத்தான் நிரல்கள், நிறமாலை அடிப்படையிலான நிறச் சீரமைப்பு போன்றவை சேர்ந்துள்ளன. ஆனால் கற்கும் வழி பெரிதும் மாறவில்லை.

முதலில் வருவது ஒரு சிறு அதிர்ச்சி. தலா 180 நொடி வீதம் 60 படங்கள், ஆக மூன்று மணி நேர ஒளி. அவற்றையெல்லாம் ஒன்றாக அடுக்கி, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்து, முடித்துத் திறந்தால் திரையில் கருப்பின் மீது சில வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே தெரியும். எதுவும் கெட்டுப்போகவில்லை. கேமராவின் சென்சார் விழுந்த ஒளிக்கு நேர்விகிதத்தில் எண்களைப் பதிவு செய்கிறது. 16 பிட் அளவில் 0 முதல் 65,535 வரை இடமிருக்க, பிரகாசமான விண்மீன்கள் உச்சத்தைத் தொட்டுவிடுகின்றன, நெபுலாவோ வானப் பின்னணியைவிடச் சற்றே உயர்ந்து அடிமட்டத்தில் ஒட்டிக் கிடக்கிறது. சிரில் படத்தை முதலில் இந்த நேர்கோட்டு நிலையிலேயே காட்டுகிறது. சாளரத்தின் அடியிலுள்ள பட்டியலில் ஆட்டோஸ்ட்ரெச் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மறைந்திருந்தது முழுவதும் மேலெழுந்து வருகிறது. ஆனால் அது பார்வைக்கு மட்டும். கோப்பிலுள்ள எண்கள் ஒன்றுகூட மாறுவதில்லை. திரையில் அழகாகத் தெரிந்ததை அப்படியே ஜேபெக் ஆகச் சேமித்துவிட்டு, மறுநாள் திறந்தபோது மீண்டும் கருப்பைப் பார்த்து, கணினியின் மீது சந்தேகப்பட்டவன் நான். தரவு வேறு, அதன் தோற்றம் வேறு என்ற பாடம் அன்றைக்குப் பிடிபட்டது. பிறகு கற்ற அனைத்தும் அதன் மேல்தான் நிற்கிறது.

அதே இடத்தில் சங்கிலி போன்ற ஒரு சிறு பொத்தான் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அடுக்குகளையும் ஒரே அளவில் உயர்த்திக் காட்டுவதா, தனித்தனியாக உயர்த்திக் காட்டுவதா என்பதை அது தீர்மானிக்கிறது. தனித்தனியாக உயர்த்தினால் வானம் நடுநிலையான சாம்பல் நிறத்தில் தெரியும்; நிறம் சரியாக இருக்கிறது என்று நம்பத் தோன்றும். சேர்த்து உயர்த்தினால் உண்மை நிலை வெளிப்படும், பெரும்பாலும் ஏதோ ஒரு நிறத்தின் பக்கம் சாய்ந்து. தொடக்கநிலையாளர்கள் இந்தப் பொத்தானைக் கவனிப்பதே இல்லை. நிறச் சீரமைப்பு வேலை செய்ததா இல்லையா என்று குழம்புகிறவர்களில் பலருக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அடுக்குதலைப் பொறுத்தவரை சிரிலோடு வரும் ஆயத்த நிரல்கள் ஏறக்குறைய அனைத்தையும் செய்துவிடுகின்றன. வான்படங்கள், டார்க் (மூடியிட்டு எடுத்தவை), ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தை எடுத்தவை), பயாஸ் (மூடியிட்டு மிகக் குறுகிய நேரத்தில் எடுத்தவை) ஆகியவற்றை நான்கு கோப்புறைகளில், அது எதிர்பார்க்கும் ஆங்கிலப் பெயர்களிலேயே, எழுத்துப் பிசகாமல் வைத்து, வேலை செய்யும் கோப்புறை எது என்பதைச் சுட்டிவிட்டு நிரலை ஓட்டினால் போதும். டார்க் படங்கள் சென்சாரின் வெப்ப இரைச்சலையும் பழுதான பிக்சல்களையும் கழிக்கின்றன. ஃப்ளாட் படங்கள் ஓரங்களின் இருட்டையும் தூசியால் விழும் வளைய நிழல்களையும் சமன் செய்கின்றன. ஃப்ளாட் எடுக்கச் சோம்பல்பட்டு, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது வீண் நம்பிக்கை. தூசி வளையத்தைப் பிற்பாடு அழிக்க முயன்றால் அதனுடன் சேர்த்து நெபுலாவின் ஒரு பகுதியையும் அழிக்க நேரிடும்.

ஆனாலும் முதல் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு ஆயத்த நிரலை ஒதுக்கிவைத்து, சாளரத்தின் ஒவ்வொரு தாவலாக (டேப்) எடுத்துக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. சிரிலின் உண்மையான மதிப்பு அப்போதுதான் தெரிகிறது. விண்மீன்களை வைத்துப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திய பின், ஒவ்வொரு படத்திலும் விண்மீன்கள் எவ்வளவு கூர்மையாக உள்ளன, எவ்வளவு வட்டமாக உள்ளன, எத்தனை விண்மீன்கள் கண்டறியப்பட்டன, பின்னணி எவ்வளவு வெளிச்சமாக இருந்தது என்பவற்றை வரைபடமாக அது காட்டுகிறது. ஓர் இரவின் கதையே அந்தக் கோட்டில் இருக்கிறது: மெல்லிய மேகம் கடந்துபோன இடத்தில் விண்மீன் எண்ணிக்கை சரிகிறது, குவியம் மெல்ல விலகிய நேரத்தில் விண்மீன்களின் அகலம் ஏறுகிறது, காற்று தொலைநோக்கியின் மேடையை உலுக்கிய படத்தில் வட்டம் சிதைகிறது. ஒத்துவராத புள்ளியைச் சொடுக்கி அந்தப் படத்தை விலக்கிவிடலாம். எத்தனை படங்களை விலக்குவது என்பது மட்டும் எளிய கேள்வியல்ல. இரைச்சலுக்கு எதிரான சமிக்ஞையின் வலிமை படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடுகிறது; நான்கு மடங்கு படங்கள் சேர்த்தால்தான் இரண்டு மடங்கு தெளிவு. ஆகவே 60 படங்களில் ஐந்தாறு போனால் பெரிய இழப்பில்லை; பாதியை எறிவது சிக்கனமில்லை. செயற்கைக்கோள் கோடு விழுந்த படங்களை நான் விலக்குவதே இல்லை. ஒரு பிக்சலின் மதிப்பு மற்றப் படங்களிலுள்ள மதிப்புகளிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் அதை மட்டும் புறக்கணிக்கும் முறை சராசரி எடுக்கும்போதே அந்தக் கோடுகளை நீக்கிவிடுகிறது. அதற்குப் போதிய எண்ணிக்கையில் படங்கள் இருந்தால் சரி.

வட்டில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. 26 மெகாபிக்சல் நிறக் கேமராவின் ஒரு படம் மூலநிலையில் சுமார் 52 மெகாபைட்தான். அதை மூன்று நிறங்களாகப் பிரித்து 32 பிட் மிதவைப்புள்ளி (தசம) எண்களாக எழுதும்போது 313 மெகாபைட் ஆகிறது. திருத்திய தொகுப்பு ஒன்று, பொருத்திய தொகுப்பு ஒன்று என இரண்டு பிறப்பதால் 60 படங்களுக்கே ஏறத்தாழ 38 கிகாபைட் தேவைப்படுகிறது. வேலை முடிந்ததும் அவற்றை அழிப்பது நம் பொறுப்பு.

நான் மிகுதியாகக் கற்றதும் மிகுதியாகத் தவறியதும் பின்னணியைச் சமன் செய்வதில்தான். நகர ஒளியும் நிலவொளியும் படத்தின் ஒரு பக்கத்தை மற்றதைவிட வெளிறச் செய்கின்றன; படமெங்கும் சிறு சதுர மாதிரிகளை வைத்து, அவற்றின் ஊடாக ஒரு வழவழப்பான பரப்பை உருவாக்கி, அதைக் கழிப்பது இந்தக் கருவியின் வேலை. பரப்பைப் பல்லுறுப்புக் கோவையாக, முதற்படி முதல் நான்காம் படி வரை, அமைக்கலாம்; இன்னும் நெகிழ்வான மற்றொரு முறையும் உண்டு. கார்த்திகை விண்மீன் கூட்டமான எம்45 படத்தில் மாதிரிகளைத் தானாகவே வைக்கவிட்டு, நான்காம் படியைத் தேர்ந்தெடுத்தேன். வானம் கண்ணாடி போலச் சமமானது. எனக்கோ பெருமகிழ்ச்சி. பிறரின் படங்களில் அந்தக் கூட்டத்தைச் சுற்றி வெகுதூரம் பரவிக் கிடக்கும் பழுப்பு நிறத் தூசு மேகம் என் படத்தில் ஏன் இல்லை என்ற கேள்வி சில வாரங்கள் கழித்துத்தான் எழுந்தது. முதலில் வானத்தின் மீது பழி போட்டேன். பின்பு பிக்சல்களின் மீது கணக்குப் போடும் பிக்சல் மேத் கருவியில், சமன் செய்வதற்கு முந்தைய படத்திலிருந்து பிந்தைய படத்தைக் கழித்து, எண்கள் பூஜ்யத்துக்குக் கீழே போகாதிருக்க ஒரு சிறு மதிப்பைக் கூட்டிப் பார்த்தபோது, கழிக்கப்பட்ட பரப்பில் நகர ஒளியின் சாய்வோடு அந்தத் தூசு மேகத்தின் மங்கலான உருவமும் சேர்ந்தே இருந்தது. மூன்று மணி நேரம் உழைத்துச் சேகரித்ததை அழுக்கென்று கருதி நானே துடைத்திருக்கிறேன். மாதிரிகள் தூசின் மீதும் அமர்ந்திருந்தன. அவற்றை அகற்றாதது என் குற்றம்.

இப்போது நான் செய்வது வேறு. அடுக்குவதற்கு முன் தனிப் படம் ஒவ்வொன்றிலும் முதற்படிப் பரப்பை மட்டும் கழிக்கிறேன். ஒரே ஒரு படத்தில் ஒளி மாசின் சாய்வு ஏறக்குறைய நேர்கோடாகவே இருப்பதால் அது போதுகிறது, நெபுலாவைத் தொடும் வலிமையும் அதற்கு இல்லை. அடுக்கிய பின், அதே வான்பகுதியின் நீண்ட நேரப் படம் ஒன்றை அருகில் திறந்துவைத்துக்கொண்டு, எது உண்மையில் வெற்று வானம் என்று பார்த்துச் சில மாதிரிகளையே கையால் வைக்கிறேன். பதறாத காரியம் சிதறாது என்பது இந்தக் கருவிக்கென்றே சொல்லியது போலிருக்கிறது.

நிறச் சீரமைப்புக்கு, படம் வானத்தின் எந்தப் பகுதி என்பதை மென்பொருள் முதலில் கண்டறிய வேண்டும். அதன் பின் படத்திலுள்ள விண்மீன்களின் நிறங்களை வான்பட்டியலில் உள்ள அளவீடுகளோடு ஒப்பிட்டு, மூன்று நிறங்களின் விகிதத்தை அது திருத்துகிறது. கண்ணுக்குப் பிடித்த நிறத்தைத் தேடுவதைவிட இது மேலான வழி. கண்டறிதல் தோற்றுப்போனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி குவியத்தூரம். என் 400 மி.மீ. தொலைநோக்கியில் குவியத்தூரத்தை 0.8 மடங்காக்கும் குறைப்பான் பொருத்தியிருந்ததை மறந்து 400 என்றே கொடுத்துவந்தேன், 3.76 மைக்ரோமீட்டர் பிக்சலுக்கு 1.94 வில்நொடி (வானில் கோண அளவு) என்று அது தேடிக்கொண்டிருக்க, படத்தின் உண்மையான அளவோ 2.42 வில்நொடி. 320 என்று திருத்தியதும் சில நொடிகளில் வேலை முடிந்தது.

பின்புதான் படத்தை உண்மையாகவே நீட்டி உயர்த்தும் கட்டம். சிரிலின் 1.2 வரிசையில் இதற்கு மூன்று கருவிகள் உள்ளன; நான் பயன்படுத்துவது பொதுமை அதிபரவளைய நீட்டிப்பு. அதன் சாளரம் முதற்பார்வையில் மிரட்டும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கருத்து எளியது: எந்த வெளிச்ச அளவில் வேறுபாட்டை அதிகமாக விரிக்க வேண்டும் என்பதை நெபுலாவின் மங்கலான பகுதியிலிருந்தே தேர்ந்தெடுத்து, விண்மீன்கள் வெளுத்துப் போகாமல் மேல் எல்லையைக் காத்து, ஒரே தாவலில் அல்லாமல் மூன்று நான்கு சிறு படிகளில் உயர்த்த வேண்டும். ஓரியன் நெபுலாவின் மையமும் அதன் வெளிச்சிறகுகளும் ஒரே படத்தில் அடங்குவது எவ்வளவு கடினம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். அந்தப் போராட்டத்தில் இது தரும் கட்டுப்பாடு சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவல் வரைபடம்) இழுவையில் கிடைப்பதில்லை. விண்மீன்களை நீக்கி நெபுலாவை மட்டும் தனியே உயர்த்தவும் வழியுண்டு. அதற்கு ஸ்டார்நெட் என்னும் வேறொரு செயலியைத் தனியாகத் தரவிறக்கி அதன் இடத்தைச் சிரிலுக்குக் காட்ட வேண்டும்; மீண்டும் சேர்க்கும் கருவி சிரிலிலேயே இருக்கிறது.

குறைகள் இல்லாமலில்லை. ஒரு நேரத்தில் ஒரு படம்தான் திறந்திருக்கும். இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்து ஒப்பிட வேறு செயலியை நாட வேண்டியிருக்கிறது. 1.2 வரிசையில் முகமூடி வசதி, அதாவது படத்தின் ஒரு பகுதியை மறைத்துக் காக்கும் வசதி, இல்லை. பின்னணியில் மட்டும் இரைச்சலைக் குறைத்து நெபுலாவைத் தொடாமல் விடுவதென்றால் படத்தை ஜிம்ப்புக்கோ போட்டோஷாப்புக்கோ கொண்டுபோக வேண்டும். அதன் இரைச்சல் குறைப்பும் என்னைக் கவரவில்லை. கிராக்ஸ்பெர்ட் என்னும் மற்றொரு இலவசக் கருவியின் முடிவு எனக்கு மேலாகப் படுகிறது. இத்தகைய, செயற்கை நுண்ணறிவால் கற்றறியும் கருவிகள் அனைத்திலும் ஒரு அபாயம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: தரவு குறைவாக இருக்கும் இடத்தில் இல்லாத இழைகளை நம்பும்படி வரைந்துவிடும்.

பிக்ஸ்இன்சைட் என்னும் கட்டண மென்பொருளுக்கு நேரே போய்விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றலில் அது ஒரு படி மேலேதான்: பல படங்கள் ஒரே திரையில், முழுமையான முகமூடிகள், ஒவ்வொரு செயலையும் ஒரு சிறு சின்னமாகச் சேமித்து இன்னொரு படத்தின் மீது இழுத்துவிடும் வசதி, படத்தைக் கூர்மையாக்கும் பிளர்எக்ஸ்டெர்மினேட்டர் போன்ற புறக்கருவிகள் என்று நீள்கிறது அதன் பட்டியல். அங்கும் தோற்றம் வேறு தரவு வேறுதான். திரைக்கான நீட்டிப்பு தனியாகவே நிற்கிறது. எனினும் ஒவ்வொரு கருவியிலும் விரியும் எண்ணற்ற தெரிவுகளில் எது நம் படத்துக்குத் தேவை என்று கேட்கத் தெரியாத நிலையில் அங்கு நுழைபவர் பிறர் சொன்ன எண்களை அப்படியே நகலெடுப்பதில்தான் முடிகிறார். சிரிலில் ஓர் இருபது படங்களையாவது தொடக்கம் முதல் இறுதி வரை கையால் செய்து, முகமூடி இல்லாமல் இனி முடியாது என்ற இடத்துக்கு வந்தவர்களுக்கு அது பொருந்தும்.

எம்45 தரவை அண்மையில் மீண்டும் மூலப் படங்களிலிருந்தே அடுக்கினேன். தூசு மேகம் இப்போது இருக்கிறது. மெலிந்து, இரைச்சலோடு, ஆனால் இருக்கிறது. அதைத் தெளிவாக்க எந்தக் கருவியும் உதவவில்லை. இன்னும் 180 படங்கள் சேர்த்தால் தெளிவு இரட்டிப்பாகும் என்பது கணக்கு. அதற்கான ஒன்பது மணி நேரத் தெளிந்த வானத்துக்காகக் காத்திருக்கிறேன்.