5 கிலோ தும்புச்சோற்றுக் கட்டி: வேலிச்செடிக்கு வாங்கலாமா?

தேங்காய் மட்டைத் தூளை அழுத்திச் செய்த, கொழும்பின் நாற்றுமேடைகளில் கிடைக்கும் இந்தக் கட்டி ஏறத்தாழ 25 லீற்றர் தண்ணீரில் ஊறி 60 முதல் 70 லீற்றர் வரை பொங்கும். 3 மீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகல ஆழமும் கொண்ட வேலிக்கிடங்கில் கால்பங்குக்கு அது கணக்காக இருக்கும். மீதிக்கு மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. வேலிச்செடியான எக்சோராவை (வெட்சி) 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடலாம்.

பெரிய குறை உப்பு. கழுவாத கட்டியென்றால் இளஞ்செடியின் இலை நுனி கருகும். ஊறவைத்த பழுப்புத் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு தடவை அலசுங்கள். 'கழுவியது' என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் ஒருமுறை அலசிவிடுவது நல்லது. இதில் சத்து மிகக் குறைவு, உரத்துக்குப் பதிலாகாது.

வேலிக்கு இது பொருத்தம்தான். பூப்பாத்தியில் கை அடக்கிப் போடுங்கள்: மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஈரம் வடியாமல் வேர் அழுகும். பாத்தியை 15 சென்ரிமீற்றர் உயர்த்திக் கட்டினால் தப்பலாம்.

சீமெந்து மதிலோரம் எக்சோராவின் தளிர் மஞ்சளிப்பதற்குக் கட்டியைக் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்பு கசிந்து மண் காரமாவதால் செடிக்கு இரும்புச்சத்து எட்டுவதில்லை. மதிலிலிருந்து அரை மீற்றராவது தள்ளி நடுங்கள். பூ நுனியில் வருவதால், பூத்து முடிந்த பிறகே கத்தரியுங்கள்.