ஆர்.எஸ்.புரத்தில் வாடகைக்குக் குடியிருப்பது: பத்து வருடத்துக்குப் பிறகு

கோயம்புத்தூரில் வீடு தேடும் சொந்தக்காரர்கள் ஆர்.எஸ்.புரமா, ரேஸ்கோர்ஸா, இல்லை சரவணம்பட்டிப் பக்கமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். ஆர்.எஸ்.புரத்தில் பத்து வருடத்துக்கும் மேலாக வாடகைக்கு இருக்கிறோம். இங்கே கொடுக்கிற வாடகைக்கு சரவணம்பட்டியில் லிஃப்டும் நீச்சல் குளமும் உள்ள பெரிய ஃபிளாட்டே கிடைக்கும். அட்வான்ஸும் இங்கே கனமாகத்தான் கேட்பார்கள். அப்படியும் நாங்கள் நகராததற்கு முதல் காரணம் தண்ணீர்.

எங்கள் சமையலறையில் இரண்டு குழாய்கள். ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்றால் சிறுவாணி அணைத் தண்ணி. அதைக் கோவைக்குக் கொண்டுவரப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் பெயரில்தான் இந்தப் பகுதியே இருக்கிறது. தாராபுரத்திலிருந்து வரும் பெரியம்மா பையைக் கீழே வைத்ததும் ஒரு சொம்பு நிறைய வாங்கிக் குடிப்பார். போர் தண்ணியில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் சரியாக வேகாது, குக்கருக்குள் வெள்ளைப் படிவுதான் மிஞ்சும். சிறுவாணியில் வேகிற பருப்பே வேறு. சுத்திகரிப்பு மெஷின் வாங்கும் யோசனையே எங்களுக்கு வந்ததில்லை.

ஆனால் அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். தென்மேற்குப் பருவமழை தாமதமானால் நீர்மட்டம் இறங்கும், தண்ணீர் விடுகிற நாளும் தள்ளிக்கொண்டே போகும். அப்போது பங்களா, ஒண்டுக்குடித்தனம் என்ற வித்தியாசம் கிடையாது. தரைத்தொட்டி பெரிதாக உள்ள வீடு சமாளிக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, இங்கே நடந்தே வாழ முடிகிறது. வீதிகள் நேர்நேராகப் போவதால் புதிதாக வந்தவர்களுக்கும் வழி தவறாது. எழுபது வயதைத் தாண்டிய என் மாமியார் விடியற்காலையில் கூடையோடு தனியாக உழவர் சந்தைக்குப் போய்விட்டு வருகிறார். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயமும் கீரையும் அந்த நேரத்தில் நன்றாக இருக்கும், வெயில் ஏறினால் வாடிவிடும். டாக்டர், மருந்துக்கடை, கோயில், டிபன் என்று எதற்கும் அவர் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. வயதானவர்களுக்கு இந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரிது என்பதைக் கூடவே இருந்து பார்த்துவிட்டேன்.

அமைதியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பழைய வீடுகள் ஒவ்வொன்றாகத் துணிக்கடையாகவும் கிளினிக்காகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. டி.பி. ரோட்டில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டிய பிறகும் சாயங்காலமானால் கடைக்கு வருகிறவர்கள் எங்கள் கேட்டை மறித்துக் காரை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். மாமனாருக்கு மூச்சுத்திணறல் வந்த ராத்திரி, ஆட்டோ உள்ளே வர வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து வீதிமுனை வரை தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆட்கள் குறைவது அதைவிட வருத்தம். கட்டியவர்கள் காலமாகிவிட்டார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தீபாவளியன்றுகூட எங்கள் வீதியில் பாதி வீடுகளில் விளக்கு எரிவதில்லை. எங்கள் வீட்டுக்கார அம்மாவிடமும் புரோக்கர்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "வித்துட்டா மொதல்ல இந்த வேப்பமரத்தைத்தான் வெட்டுவாங்க கண்ணு, நான் இருக்கற வரைக்கும் குடுக்க மாட்டேன்" என்கிறார். அவர் இருக்கும்வரை நாங்களும் இருப்போம்.

பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு ஆர்.எஸ்.புரத்தைத் தயங்காமல் சொல்வேன். கைக்குழந்தை இருந்தால் கடைவீதியைத் தள்ளி உள்வீதியாகப் பாருங்கள். வீடு பார்க்க ஞாயிறு காலையில் வராதீர்கள், சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வாருங்கள். நல்ல தண்ணிக்குத் தனிக்குழாய் சமையலறை வரை வருகிறதா, தொட்டி எத்தனை லிட்டர் என்று நேரில் பாருங்கள். பக்கத்து வீடு கைமாறப் போகிறதா என்பதை வீதிமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் விசாரியுங்கள். புரோக்கர் அதைச் சொல்ல மாட்டார்.