‘ஆண்டு முழுக்க இதமான வானிலை’ என்று ஊர் பிடித்துத் தருகிறவர்களிடம் ஜாக்கிரதை

நகரத்து வெயிலும் நெரிசலும் போதும், குளிர்ச்சியான ஒரு சின்ன ஊருக்குப் போய்விடலாம் என்று நினைப்பவர்களைக் குறிவைத்து ஒரு தொழில் நடக்கிறது. ஊரைத் தேர்ந்தெடுப்பது, வீடு பிடிப்பது, சாமான் ஏற்றி இறக்குவது எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அப்படி ஒரு நிறுவனத்திடம் நாங்கள் வசமாக மாட்டினோம். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயரையும் ஊரையும் போடவில்லை. அவர்கள் எப்படிப் பேசினார்கள், எதைக் காட்டி எதை மறைத்தார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன். வேறு பெயரில் வேறு ஊரைக் காட்டி யாராவது உங்களிடம் வந்தாலும் அடையாளம் தெரியும்.

எங்கள் தேவை ஒன்றும் பெரிய புதிர் இல்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா. எனக்கும் மனைவிக்கும் வீட்டிலிருந்தே வேலை. எனவே மூன்றே விஷயங்களை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டோம்: ஈரம் அதிகமில்லாத இடமா, இரவில் டாக்டர் கிடைப்பாரா, இணையம் நிலையாக வருமா. பதிலுக்குப் பளபளவென்று ஒரு பிடிஎஃப் வந்தது. முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ‘ஆண்டுச் சராசரி 18 டிகிரி’. அடுத்த வரியில் ‘ஈரப்பதம் 55 சதவீதம்’. கூடவே ஆலோசகரின் ஒரு வரி: “அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது சார்.”

இந்த 18 பொய்யான எண் இல்லை. கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 14 டிகிரி, பெய்ஜிங்கினுடையது சுமார் 13. எண்ணை மட்டும் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் பெய்ஜிங்கில் ஜனவரியின் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே போகும், ஜூலையில் 27 பக்கம் ஏறும். சான் பிரான்சிஸ்கோவில் எந்த மாதமும் பெரிதாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆண்டுச் சராசரியை மட்டும் சொல்லி ஒருவர் ஊரை விற்கிறார் என்றால், மாதவாரிக் கணக்கை அவர் ஏன் காட்டவில்லை என்று உடனே சந்தேகப்படுங்கள்.

55 சதவீதமும் அப்படித்தான். பிற்பாடு விசாரித்தபோது, அது வறண்ட மாதங்களில் பிற்பகலில் எடுத்த அளவு என்று தெரிந்தது. ஒரு நாளில் ஈரப்பதம் மிகக் குறைவாகக் காட்டும் நேரம் பொதுவாக அதுதான். 25 டிகிரியில் 55 சதவீதம் என்றிருக்கும் அதே காற்று, இரவில் 16 டிகிரிக்கு இறங்கினால் 95 சதவீதத்தைத் தொட்டுவிடும். காற்றில் உள்ள நீரின் அளவு மாறவே இல்லை, குளிர்ந்த காற்றால் அதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பூஞ்சைக்குக் கடிவாளம் போட முடியும். ஆஸ்துமாக்காரருக்குப் பூஞ்சை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டைப் பார்க்க வருகிறோம் என்றதும் தேதியை அவர்களே குறித்தார்கள். மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பார்க்கிறோமே என்று கேட்டதற்கு, “அதுவரைக்கும் இந்த வீடு இருக்காது சார், மூணு பேர் வரிசையில நிக்கிறாங்க” என்றார்கள். நாங்கள் போன வாரம் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. சுவர்களில் புதுப் பெயிண்ட். எதற்காகப் புதுப் பெயிண்ட் என்பது மழை தொடங்கிய பிறகு புரிந்தது.

முதலில் தீக்குச்சி. எத்தனை உரசினாலும் பற்றாது, மருந்து மட்டும் குழைந்து உதிரும். அப்புறம் அலமாரிக்குள் இருந்த தோல்பையில் சாம்பல் பச்சையாக மெல்லிய ரோமம் மாதிரி ஒன்று படர்ந்தது. துடைத்தால் போகும், இரண்டு நாளில் திரும்பி வரும். சுவரில் மாட்டியிருந்த படச்சட்டங்களைக் கழற்றினால் பின்பக்கம் முழுக்கக் கருப்புப் புள்ளிகள். துணி துவைத்தால் உள்ளேயே கட்டிய கொடியில் வாரக்கணக்கில் தொங்கும், காய்ந்தது போல் இருக்கும், முகர்ந்தால் ஈரநாற்றம். அம்மா இன்ஹேலரை எடுக்காத இரவே இல்லை என்றாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் விஷயத்தை உடைத்தார். “இந்த வீட்டையா எடுத்தீங்க தம்பி? இந்தச் சரிவுல வெயில் எட்டிக்கூடப் பாக்காதே. காத்து கொண்டுவர்ற மேகம் மொத்தமும் இங்க வந்துதானே முட்டும்” என்றார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்களிடம் பணம் வாங்கியவர்களுக்கு மட்டும் தெரியாதாம்.

அந்தப் பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. 18 டிகிரி அளக்கப்பட்டது மலைமுகட்டுக்கு அந்தப் பக்கத்தில் உள்ள நிலையத்தில். அது எங்கள் வீட்டைவிட ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியென்றால் இங்கேயே இரண்டரை டிகிரி வித்தியாசம். மழை விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பயங்கரம். ஈரக்காற்று மலையில் மோதி ஏறும் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, அந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்கும். மகாராஷ்டிராவின் மலை ஊரான மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் மழை மறைவில் கிடக்கும் வாய் என்ற ஊருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. ‘அருகிலுள்ள நிலையத்தின் தரவு’ என்று மலைப்பகுதியில் யாராவது சொன்னால், மலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்காமல் விடாதீர்கள்.

செல்போன் செயலியில் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். வானிலை நிலையம் இல்லாத ஊருக்குச் செயலி காட்டுவது பெரும்பாலும் கணினி மாதிரியின் மதிப்பீடுதான். பழைய வானிலையை அலச உலகம் முழுக்கப் பயன்படும் ஈஆர்ஏ5 தரவுத் தொகுப்பு 1940 முதல் கிடைக்கிறது, அருமையான தரவு, இலவசமும்கூட. ஆனால் அதில் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர் அகலம். முகடு, சரிவு, பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, ஒரே எண்ணாக வெளியே வரும்.

சரி, புகார் செய்தோம். ரொம்பத் தன்மையாகப் பேசினார்கள். “வீட்டை மாத்திக் குடுத்துடறோம் சார், கவலையே வேண்டாம்” என்று, மாற்றுவதற்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, கீழே ஊருக்கு நடுவில் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டைக் கொடுத்தார்கள். மழைக்காலத்தின் மீதி நாட்கள் அங்கே பரவாயில்லாமல் போயின. குளிர்காலம் வந்ததும் அடுத்த கூத்து. தெளிவான, காற்றில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். ஊரார் குளிர் காய மூட்டுகிற விறகுப் புகை மேலே போக வழியில்லாமல் கூரை உயரத்திலேயே நிற்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு ஜன்னலைச் சாத்தினால் காலை பத்துக்குத்தான் திறக்க முடிந்தது. முதல் வீட்டில் பூஞ்சை, இரண்டாவது வீட்டில் புகை. இரண்டுக்கும் நடுவில், வெயில் படும் சரிவில், பள்ளத்திலிருந்து கொஞ்சம் உயரத்தில் உள்ளூர்க்காரர்களின் பழைய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. காலியாகக் கிடந்து விலைபோகாத வீடுகளைத்தான் இவர்கள் வெளியூர்க்காரர்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். ஊர் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை.

டாக்டர் விஷயம் சுருக்கமாக. ‘24 மணி நேர மருத்துவமனை, 15 நிமிடத்தில்’ என்று பிடிஎஃப்பில் இருந்தது. அம்மாவுக்கு மூச்சு திணறிய ஓர் இரவில் போய் நின்றால் கேட் பூட்டியிருக்கிறது. காவலாளி, “டாக்டர் காலையிலதான் வருவாங்க” என்றார். 24 மணி நேரமும் திறந்திருப்பது அங்கே ஆம்புலன்ஸ் ஷெட் மட்டும்தான், நல்ல வேளையாக அதில் ஆக்சிஜன் இருந்தது. கீழே இருக்கும் பெரிய ஊருக்குப் புகைமூட்டத்தில் வளைவு வளைவாக இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனோம். அம்மா பிழைத்துக்கொண்டார். அதற்கு மேல் அந்த இரவைப் பற்றி எழுத மனமில்லை.

இணையம்? மின்சாரம் போனால் அதுவும் போகும். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும். இதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

காலி செய்கிறோம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றபோதுதான் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். குறைந்தபட்சத் தங்கும் காலம் முடியாமல் போனால் முன்பணம் திரும்பாது. ‘இயற்கைக் காரணிகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.’ வானிலையைச் சொல்லியே ஊரை விற்றவர்கள், வானிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்! எங்களுக்குச் சாதகமாக ஒன்றே ஒன்று இருக்கிறது. ஈரப்பதத்தையும் டாக்டரையும் பற்றிக் கேட்டதும் எழுத்தில், அவர்கள் உறுதி சொன்னதும் எழுத்தில். நுகர்வோர் புகாரை எடுத்து நடத்தும் வக்கீல் முதலில் கேட்டதும் அந்த மின்னஞ்சல்களைத்தான். “இயற்கையை விடுங்க, மருத்துவமனை பத்தி எழுதினது அப்பட்டமான தவறான தகவல். அங்கிருந்தே ஆரம்பிப்போம்” என்றார்.

இப்படி ஒருவரிடம் நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் சில காரியங்களைச் செய்யுங்கள். மாதவாரியாக அதிகபட்சம், குறைந்தபட்சம், மழை நாட்கள், விடியற்காலை ஈரப்பதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நல்ல தரவு என்றால் 30 ஆண்டுக் கணக்கில் இருக்கும், இப்போது வழக்கில் உள்ளது 1991–2020. ஒரு நல்ல வருஷத்தை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். எந்த நிலையம், எவ்வளவு உயரம் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஊரின் மிக மோசமான மாதத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கிப் பாருங்கள். தங்க விடாமல் யாராவது அவசரப்படுத்தினால் அவரை அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டைப் பார்க்கும்போது அலமாரியின் பின்பலகையைத் தொட்டுப் பாருங்கள், கட்டிலுக்கு அடியில் சுவரோரம் டார்ச் அடித்துப் பாருங்கள், கொஞ்ச நேரம் ஜன்னலைச் சாத்திவிட்டு மூக்கை நம்புங்கள். மருத்துவமனைக்கு இரவு பதினோரு மணிக்கு நீங்களே போன் போட்டு, பணியில் எந்த டாக்டர் இருக்கிறார் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் குடியிருப்பவரிடம், ஆலோசகர் கூட இல்லாதபோது, பேசுங்கள். எங்களை அவர்கள் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடவில்லை.

முன்பணத்தில் ஒரு பகுதி மட்டும் திரும்பி வந்திருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் போன பிறகு. வீடு மாற்றுவதற்கென்று வாங்கிய தனிக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் மூச்சு விடுவதில்லை. அவர்களுடைய பிடிஎஃப் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் பக்கத்தில் 18 அப்படியே இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் இருந்த அடிக்குறிப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள். பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள், எங்களுக்கு அது தேவைப்படும்.