நெடுந்தீவுக்குப் போனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

யாழ்ப்பாணம் போகிற நம்ம ஊர்க்காரர்கள் பெரும்பாலும் நல்லூர், கீரிமலை, நயினாதீவு நாகபூசணி அம்மன் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நயினாதீவுக்குப் படகு ஏறுகிற அதே குறிகட்டுவான் துறையிலிருந்துதான் நெடுந்தீவுக்கும் படகு. கடலில் ஒரு மணி நேரம் ஆகும், காற்றுக் காலமென்றால் நன்றாகவே தூக்கிப் போடும். அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். ஆனால் காலையில் போய் மதியம் திரும்புகிற ஒருநாள் டூராகவும் போகாதீர்கள், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஒருநாள் டூரில் நடப்பது இதுதான்: உச்சி வெயிலில் ஒரு வண்டியில் ஏற்றி, பெருக்கமரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டை, புறாக்கூடு என்று ஒவ்வொரு இடத்திலும் போட்டோவுக்கு இறக்கிவிட்டு, சோறு தின்றும் தின்னாமலும் படகுக்கு ஓட வைப்பார்கள். சுமார் 50 சதுர கிலோமீட்டர் தீவை அப்படிப் பார்க்கவே முடியாது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் விசாரித்த டூர்காரர் ஒருவர் தங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னார். அப்படி இல்லவே இல்லை, வீட்டோடு சேர்ந்த அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் தங்கியதும் அப்படி ஒரு வீட்டில்தான்.

அறை சாதாரணம். கட்டில், கொசுவலை, மின்விசிறி, சுத்தமான விரிப்பு. ஏசி, டிவி எதிர்பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. குளிக்கிற தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. அந்தத் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு சில இடங்களில்தான் இருக்கிறது, கோடையில் ரொம்பவே தட்டுப்பாடு, அதனால் வாளியைப் பார்த்துச் செலவழியுங்கள். சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண் போடலாம். ராத்திரி புட்டும் நண்டுக்கறியும், காலையில் இடியப்பமும் சொதியும். கறியில் உறைப்பு நம் வீட்டுக் குழம்பைவிடக் கூடுதல், முன்கூட்டியே சொன்னால் குறைத்துப் போடுகிறார்கள். வீட்டுக்கார அக்கா பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் போடட்டோ தம்பி, வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ" என்று கேட்டுக் கேட்டு வைத்தார்.

கடைசிப் படகு போன பிறகுதான் தீவு அதன் பாட்டுக்குத் திரும்புகிறது. காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆட்களுக்கு அங்கே போனதும் கொறங்காட்டுக்குள் வந்த மாதிரியே இருக்கும். காய்ந்த மேய்ச்சல் நிலம், பனை, நாலு பக்கமும் அடைப்பு. நாம் கிளுவையை நட்டு வேலி போடுகிறோம், அவர்கள் கடலோரத்து முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை அடுக்கியிருக்கிறார்கள். சிமென்ட், மண் எதுவும் பூசவில்லை, கல்மேல் கல் அவ்வளவுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சி கட்டிய வரிகள் அப்படியே தெரிகின்றன, ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் நெளிநெளியாக. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் வருகிறது, காற்றும் புகுந்து போகிறது. அதனால்தானோ என்னவோ சுவர் சாயாமல் நிற்கிறது. தோட்டம் துரவு வைத்திருப்பவர்கள் இதற்காகவே ஒருமுறை போக வேண்டும்.

குதிரைகளைச் சாயங்காலம் பாருங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள், இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டில் திரிகின்றன. அந்தியூர்ச் சந்தையில் மினுமினுவென்று நிறுத்தியிருப்பார்களே, அந்த வளர்த்தி எல்லாம் இல்லை. விலா தெரிகிற, புழுதி படிந்த உடம்பு. ஆட்டோ அண்ணை தூரத்திலேயே இஞ்சினை அணைத்துவிட்டு, "கிட்டப் போகாதேங்கோ, குட்டி நிக்குது" என்றார். தாய் எங்களைப் பார்த்தபடி முன்னே வந்து நின்றது, குட்டி அதன் வயிற்றுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. கடும் வறட்சியில் தண்ணீர் கிடைக்காமல் இவை சாவதும் உண்டு. அதைக் கேட்டபிறகு எனக்கு மனசே ஆறவில்லை. இந்த ஆட்டோக்காரர் பேசிய காசுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

பெருக்கமரம் ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அடிமரத்தில் உள்ள பொந்துக்குள் ஆள் நிற்கலாம். கோட்டை இடிந்து கிடக்கிறது, அரைமணி போதும். 1985 மே 15 அன்று குமுதினி என்ற படகில் வந்த தீவு மக்கள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். வயதானவர்கள் அதைப் பற்றிப் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், நாமாகப் போய்த் துருவ வேண்டாம்.

கையில் இலங்கைக் காசாக வைத்துக்கொள்ளுங்கள், யாழ்ப்பாணத்திலேயே மாற்றிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை அங்கே வீசாமல் திருப்பி எடுத்து வாருங்கள். மழை முடிந்த தை, மாசியில் போனால் புல் பச்சையாக இருக்கும், வெயிலும் தாங்கும். படகு நேரம் கடலைப் பொறுத்து மாறும் என்பதால் முதல் நாளே துறையில் கேட்டு வையுங்கள். பலாலியிலிருந்து திரும்பும் விமானத்தை மட்டும் தீவிலிருந்து வருகிற அன்றைக்கே போட்டுவிடாதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள்.