கேட்டுவிட்டு மருந்து தரும் கல்லடிக் கடை

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போனால் வரும் சிறிய பாமசியைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு இனி இந்தக் கடைதான். காரணம், அங்கே மருந்து கொடுக்கும் அக்கா.

என் தம்பிக்கு 19 வயது. வெபர் மைதானத்தில் பந்து விளையாடி முழங்காலைத் திருகிக்கொண்டான். டவுனில் வேறொரு கடையில் டாக்டரின் துண்டும் கேட்காமல் டைக்ளோஃபெனாக் என்ற நோக் குளிசையைக் கொடுத்துவிட்டார்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு அதைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவான். நோ அடங்காவிட்டால் இன்னொரு நோக் குளிசையான ஐபுப்ரோஃபெனையும் சேர்த்துப் போடுவான். மேல்வயிறு எரியத் தொடங்கியதும் அதற்கு மருந்து வாங்கத்தான் இங்கே போனோம்.

"தம்பி, வேற என்ன குளிசை போடுறீங்க?" என்றுதான் அக்கா முதலில் கேட்டார். இரண்டின் பெயரையும் சொன்னதும், "மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போகுதா? வாந்தியில ரத்தம் வந்ததா?" என்றார். பக்கத்தில் ஆட்கள் நின்றதால் மெதுவாகத்தான் கேட்டார். அது எனக்கு மிகவும் பிடித்தது. இல்லை என்றான். அப்படி ஏதும் கண்டால் கடைக்கு வராமல் நேரே போதனா வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார்.

"உறை போட்ட குளிசைதானே அக்கா, வயிற்றுக்கு ஒன்றும் செய்யாதே?" என்று தம்பி கேட்டான். நம் பொடியன்கள் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். அவர் பொறுமையாக விளக்கினார். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்கு உடலே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் தேவை. இந்தக் குளிசைகள் நோவைக் குறைக்கும்போதே அது சுரப்பதையும் தடுத்துவிடுகின்றன. மருந்து இரத்தத்தில் கலந்து இதைச் செய்வதால், உறை இருந்தாலும், ஊசியாகவே போட்டாலும் புண் வரலாம். இரண்டு வகையைச் சேர்த்துப் போட்டால் ஆபத்துதான் கூடும். வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை, ஆனால் இளம் வயதுக்காரருக்கும் வயிற்றில் இரத்தம் கசியலாம்.

சரி, இரண்டையும் நிறுத்தச் சொல்லி, தம்பி போட்ட மருந்துகளை ஒரு தாளில் எழுதித் தந்து டாக்டரிடம் அனுப்பினார். அன்று அவர் விற்றது ஒரு கார்ட் பரசிட்டமோல் மட்டும். அப்புறம் வயிற்று அமிலத்தைக் குறைக்க டாக்டர் எழுதிய ஒமெப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும் என்று சொல்லித் தந்ததும் அவர்தான். இப்போது எரிவு இல்லை.

மாரி காலத்தில் நோக் குளிசை கேட்டு வருபவர்களிடம் காய்ச்சல் இருக்கிறதா என்றும் விசாரிப்பார். டெங்கு என்றால் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற குளிசைகள் இரத்தக்கசிவை மோசமாக்கிவிடும்.

ஒவ்வொருவரிடமும் இப்படிப் பேசுவதால் மாலையில் வரிசை நீளும், உட்கார ஒரு கதிரைதான் இருக்கிறது. வயதானவர்களைக் கூட்டிப் போவதென்றால் காலையில் போங்கள். வீட்டில் போடும் மருந்துகளின் கார்ட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள், கட்டாயம் கேட்பார்.