மாணவர் குறும்படத்துக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு

பத்து நிமிடக் குறும்படத்தை வெட்டி, நிறம் திருத்தி, ஒலி கலக்க இந்த இலவச மென்பொருள் தாராளமாகப் போதும். 3840×2160 அளவில், நொடிக்கு 60 ஃபிரேம் வரை ஏற்றுமதி செய்யலாம். ஆனால் வீடியோ நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி) கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இருட்டில் எடுத்த காட்சிகளை இலவசப் பதிப்பை நம்பி விட்டுவிடக் கூடாது.

முதலில் கவனிக்க வேண்டியது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் கிளிப் விழுந்தபின் அதை மாற்ற முடியாது. மொபைலில் எடுத்த வீடியோ பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்டில் இருக்கும்; தனியாகப் பதிவான ஒலியோடு சேர்த்தால், நீண்ட ஷாட்டின் முடிவில் உதடும் குரலும் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' (மாறாத ஃபிரேம் ரேட்) தேர்ந்து மாற்றிய பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். கணினி திணறினால் பிராக்ஸி (வெட்டும்போது மட்டும் பயன்படும் எடை குறைந்த நகல்) உருவாக்கினால் வேலை ஓடும்.

தனியாகப் பதிவான ஒலியை வேவ்ஃபார்ம் (ஒலி அலையின் வடிவம்) வழியே தானாகப் பொருத்தும் வசதி அருமை, ஆனால் கேமராவிலும் ஒலி பதிவாகியிருக்க வேண்டும்.

மதிப்பிடும் ஆசிரியருக்கு மிகவும் பயன்படுவது டேட்டா பர்ன்-இன். டைம்கோடு (படத்தின் ஓடும் நேரக் குறி) திரையிலேயே தெரியும்படி ஒரு பிரதி எடுத்துத் தந்தால், "நடுவில் இழுக்கிறது" என்பதற்குப் பதில் "04:12இல் வசனம் முடிந்தும் ஷாட் நிற்கிறது" என்று எழுதலாம். மாணவர் அதே இடத்தில் மார்க்கர் வைத்துத் திருத்துவார். முதல் பார்வையில் குறிப்பெடுக்காமல் பார்ப்பதே நியாயம். படத்தின் வேகம் அப்போதுதான் பிடிபடும்.

லினக்ஸில் மட்டும் இலவசப் பதிப்பு எச்.264 (மொபைல், கேமராக்களில் பரவலான வீடியோ வடிவம்) கோப்புகளைத் திறக்காது.